லீவுல கேட்டிகிசம் டீச்சருங்க ஜெப வாழ்க்கைய புதுப்பிச்சிக்கிறது எப்படி? புதுசா வந்தவங்களுக்கு

இந்த வருஷம்தான் முதல் தடவையா கேட்டிகிசம் கிளாஸ், அதாவது கோவில்ல பிள்ளைங்களுக்கு கத்தோலிக்க விசுவாசத்த சொல்லிக்கொடுக்கிற கிளாஸ், எடுத்தவங்களுக்காக இத எழுதுறேன். மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்ல யாரு டீச்சரா வர்றாங்கன்னு பாத்தா, ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை செய்றவங்க, தமிழ்ப்பள்ளி டீச்சருங்க, தோட்டத்து ஆபீஸ்ல கிராணி வேலை பாக்கிறவங்க, எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்கிற பிள்ளைங்க, இவங்கதான். வாரத்துல கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் கோவிலுக்கு கொடுத்துட்டு, சனிக்கிழமை ராத்திரி தூக்கம் முழிச்சி மறுநாள் பாடத்துக்கு படம் வெட்டி ஒட்டிக்கிட்டு இருப்பாங்க. வருஷக் கடைசில இவங்ககிட்ட பேசினா நிறைய பேரு ஒரே விஷயத்தத்தான் சொல்வாங்க, பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தேன், நான் உக்காந்து ஜெபம் பண்ணி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியலன்னு. இதுக்காக யாரும் வெக்கப்பட வேணாம், இந்த வேலைக்குள்ளயே இருக்கிற ஆபத்து இது. பைபிள எடுத்தாலே 'இத ஸ்டாண்டர்ட் த்ரீ பிள்ளைங்களுக்கு எப்படி சொல்றது'ன்னுதான் மண்ட ஓடும், ஆண்டவர் நம்மகிட்ட என்ன சொல்றாருன்னு கேக்கிற காது கொஞ்சம் கொஞ்சமா மந்தமாயிடும். லீவுல செய்ய வேண்டிய வேலை அந்த காத திரும்ப திறந்துக்கிறதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல காலண்டர எடுங்க. திருச்சபையோட வருஷம் கிறிஸ்து அரசர் பெருவிழாவோட முடியுது, அதுக்கு அடுத்த ஞாயிறு கிறிஸ்மஸுக்கு தயாராகிற திருவருகைக் காலம் ஆரம்பம், அது எந்த வருஷமா இருந்தாலும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவுலதான் விழும். நிறைய பங்கு கோவில்ல கேட்டிகிசம் கிளாசும் அத ஒட்டியே முடிஞ்சிடும், ஸ்கூல் லீவும் பக்கத்துல வந்துடும். அதுல இருந்து ஜனவரில வர்ற ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் உங்க காலம்னு வச்சுக்கோங்க. ஆனா இங்கதான் ஒரு சிக்கல், லீவு விட்ட மறுநாளே வேலை வந்து கதவ தட்டும், கேரலிங் பிராக்டிஸ், குடில் கட்டுறது, பிள்ளைங்க கிறிஸ்மஸ் நாடகம், அதுக்கு டிரஸ் தைக்கிறது, கோவில் பார்ட்டிக்கு சாப்பாட்டு லிஸ்ட் எடுக்கிறது, எல்லாத்துக்கும் முதல்ல ஞாபகம் வர்றது டீச்சருங்க பேருதான். என் கருத்து, இதுல ஒன்னே ஒன்ன எடுத்துக்கோங்க, மீதிக்கு இப்பவே இல்லன்னு சொல்லிடுங்க. ஃபாதர்கிட்டயும் கோஆர்டினேட்டர்கிட்டயும் நேரா போய் 'இந்த டிசம்பர்ல குடில் வேலை மட்டும் செய்றேன், மத்த நேரம் ஜெபத்துக்கு வேணும்'னு சொல்லுங்க, வாட்ஸப்ல போட்டா அது பத்து பேரோட வாதமா மாறிடும். அட்டெண்டன்ஸ் புக்க மட்டும் கைல வச்சிக்கிட்டு (ஏன்னு பின்னாடி சொல்றேன்) கிளாஸ் சாவி, பாடப் புக்கு, கலர் பேப்பர் எல்லாத்தையும் கொடுத்துட்டு வாங்க, கண்ணுல பட்டா கை போகும்.

அடுத்தது தூக்கம். சிரிக்காதீங்க, இது பைபிள்ல இருக்கிற விஷயம். 1 அரசர் 19ல எலியா இறைவாக்கினர் ஆண்டவருக்காக அவ்வளவு வேலை செஞ்சிட்டு, உயிருக்கு பயந்து ஓடி, ஒரு செடிக்கு அடில உக்காந்து போதும் ஆண்டவரே என் உயிர எடுத்துக்கோங்கன்னு கேக்கிறாரு. வானதூதர் வந்து அவருக்கு பிரசங்கம் பண்ணல, எழுப்பி ரொட்டியும் தண்ணியும் கொடுக்கிறாரு, அவரு சாப்பிட்டுட்டு திரும்பவும் தூங்குறாரு, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வைக்கிறாரு, அதுக்கப்புறம்தான் ஓரேபு மலைக்கு பயணம், அங்கதான் அந்த மெல்லிய சத்தத்துல கடவுள கேக்கிறாரு. அதனால முதல் வாரம் பெருசா எதுவும் பிளான் பண்ணாதீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சி வர்றவங்க நல்லா தூங்குங்க, போன வேற ரூம்ல வச்சிட்டு படுங்க, காலைல எழுந்து ஒரு பரலோக மந்திரம் நிதானமா சொல்லுங்க, ஞாயிறு பூசைக்கு போங்க, அது போதும். பூசைலயும் பிள்ளைங்கள அதட்டுற இடத்துல உக்காராம உங்க குடும்பத்தோட உக்காருங்க.

இடமும் நேரமும் எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. லயத்து வீடோ தாமான்ல ஒட்டின வீடோ, எதுலயும் அமைதி சுலபமா கிடைக்காது, டிவி ஓடும், பக்கத்து வீட்ல பாட்டு ஓடும், பிள்ளைங்க லீவுல வீட்லயே இருக்கும். காலைல எல்லாரும் எழுந்துக்கிறதுக்கு முன்னால இருக்கிற அரை மணி நேரம்தான் நம்ம ஊர்ல கிடைக்கிற நல்ல நேரம், சாயங்காலம்னா இந்த சீசன்ல மழையும் கொசுவும் சேர்ந்து வரும். சமையல்கட்டு மேசையே போதும், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சின்ன சிலுவை, பைபிள், அவ்வளவுதான். கோவில் பக்கத்துல இருக்கிறவங்க நற்கருணை பேழை முன்னால உக்காரலாம், சின்ன ஊர் கோவிலுங்க பூசை முடிஞ்சதும் பூட்டிடுவாங்க, அதனால சாவி வச்சிருக்கிறவர்கிட்ட முன்கூட்டியே பேசி வாரத்துல ஒரு நாள் நேரம் வாங்கிக்கோங்க. செம்பனை காட்டு ரோட்ல நடந்துக்கிட்டே ஜெபமாலை சொல்றது எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா தங்கச்சிங்க தனியா போக வேணாம், ரெண்டு பேரா போங்க, வீட்ல சொல்லிட்டு போங்க.

இப்ப முக்கியமான படி, வேதம் வாசிக்கிறது. லெக்சியோ டிவினான்னு ஃபாதருங்க சொல்லி கேட்டிருப்பீங்க, இறைவார்த்தைய ஜெபமா வாசிக்கிற பழைய முறை அது. 12ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த இரண்டாம் கிகோங்கிற கர்த்தூசியன் சபை துறவி அத நாலு படி உள்ள ஏணியா எழுதி வச்சாரு, வாசிக்கிறது, தியானிக்கிறது, ஜெபிக்கிறது, கடைசில சும்மா கடவுள் முன்னால இருக்கிறது. செய்ற விதத்த சொல்றேன். தூய ஆவியானவர கூப்பிட்டு ஒரு சின்ன ஜெபம் சொல்லுங்க. பத்து பதினஞ்சு வசனத்துக்கு மேல எடுக்காதீங்க. முதல் தடவ வாய்விட்டு மெதுவா வாசிங்க, வீட்ல ஆளு இருந்தா முணுமுணுத்தாலும் பரவால்ல. ரெண்டாவது தடவ வாசிக்கும்போது ஏதாவது ஒரு வார்த்தைல மனசு நிக்கும், அங்கயே நில்லுங்க, அடுத்த வசனத்துக்கு போகணும்னு யாரும் உங்கள துரத்தல. அந்த வார்த்தைய திரும்ப திரும்ப சொல்லிப் பாருங்க, உங்க வீடு, உங்க வேலை, உங்க கடன், உங்க அம்மா உடம்பு, எது ஞாபகம் வருதோ அதோட சேர்ந்து வரட்டும். அப்புறம் ஆண்டவர்கிட்ட பேசுங்க, நம்ம வீட்ல பேசுற தமிழ்லயே பேசுங்க, கோவில் தமிழ் வேணாம். கடைசி அஞ்சு நிமிஷம் பேச்ச நிறுத்திட்டு சும்மா இருங்க.

டீச்சருங்களுக்கு இதுல வர்ற தனி சோதனை ஒன்னு இருக்கு. வாசிச்ச ரெண்டாவது நிமிஷமே நல்ல ஐடியா வரும், ஆஹா இத அடுத்த வருஷம் உறுதிபூசுதல் கிளாசுக்கு நாடகமா போடலாமேன்னு. சிலர் பக்கத்துல ஒரு பேப்பர் வச்சி எழுதிக்கோங்கன்னு சொல்வாங்க. நான் அப்படி சொல்ல மாட்டேன், எழுத ஆரம்பிச்சா அது பாடத் தயாரிப்பா மாறிடும். விட்டுடுங்க, நல்ல ஐடியாவா இருந்தா ஜனவரில திரும்ப வரும். கத்தோலிக்க திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல, 1992ல வந்தது, 2729ஆம் பத்தில ஜெபத்துல மனசு அலையுற பராக்க பத்தி அழகா சொல்லியிருக்காங்க, பராக்க துரத்திக்கிட்டு போறதே அதோட வலைல விழுறதுதான், நம்ம இதயத்துக்கு திரும்பி வந்தா போதும்னு. நீங்களும் அதத்தான் செய்யணும், திட்டிக்காம திரும்பி வரணும், பத்து தடவ போனா பத்து தடவ வரணும்.

எந்த பகுதி எடுக்கிறதுன்னு தெரியலன்னா இப்படி போங்க. மேல சொன்ன எலியா பகுதி. அப்புறம் மாற்கு 6:30-34, சீடருங்க ஊழியம் முடிச்சி திரும்பி வந்து செஞ்சத எல்லாம் இயேசுகிட்ட சொல்றாங்க, சாப்பிடக்கூட நேரமில்லாம இருந்த அவங்கள தனி இடத்துக்கு வந்து கொஞ்சம் ஓய்வு எடுங்கன்னு அவரே கூப்பிடுறாரு. ஓய்வுங்கிறது அவரு கொடுத்த கட்டளை, நம்ம சோம்பேறித்தனம் கிடையாது. ஆனா படகுல போய் இறங்கினா அங்கயும் ஜனங்க முன்னாடியே வந்து நிக்கிறாங்க, இயேசு கோபப்படல, அவங்க மேல இரக்கப்படுறாரு. லீவுல உங்க ஜெப நேரத்துல பிள்ளை அழுதா, மாமியாருக்கு டாக்டர்கிட்ட போகணும்னா, இந்த கடைசி வசனத்த ஞாபகம் வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் லூக்கா 10ல மார்த்தா மரியா, யோவான் 21ல கரைல மீனும் ரொட்டியும் சுட்டு வச்சி வாங்க சாப்பிடலாம்னு கூப்பிடுற உயிர்த்த ஆண்டவர், திருப்பாடல் 131 (மூணே வசனம், தாய் மடில இருக்கிற பிள்ளை மாதிரி என் மனசு அமைதியா இருக்குன்னு சொல்ற பாட்டு). எம்மாவு ஊருக்கு போற ரெண்டு சீடருங்களோட உயிர்த்த இயேசு நடந்து வேதத்த விளக்கின கதைய, லூக்கா 24:13-35, கட்டாயம் எடுங்க. வருஷம் முழுக்க நீங்கதான் விளக்கம் சொல்லிக்கிட்டே வந்தீங்க, இந்த தடவ சோர்ந்து போய் நடக்கிற அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா இருந்துக்கோங்க, அவரு விளக்கம் சொல்லட்டும். டிசம்பர் 17ல இருந்து லூக்கா முதல் அதிகாரத்துக்கு போயிடுங்க, தினப் பூசை வாசகமும் அந்த நாட்கள்ல கிறிஸ்து பிறப்ப நோக்கியே போகும்.

அட்டெண்டன்ஸ் புக்குன்னு சொன்னேன்ல, அதுக்கு வருவோம். இந்த படிதான் எனக்கு எல்லாத்தையும் விட பெருசு. இயேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் கத்துக்கொடுத்த ஆன்ம சோதனைய நிறைய பேர் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால செய்வாங்க, முதல்ல நன்றி சொல்றது, தூய ஆவியோட வெளிச்சம் கேக்கிறது, நடந்தத மெதுவா திரும்பிப் பாக்கிறது, தவறினதுக்கு மன்னிப்பு கேக்கிறது, நாளைக்கு என்னன்னு தீர்மானிக்கிறது, இந்த அஞ்சு படி. அன்றாடம் அத ஒரு பத்து நிமிஷம் செய்ங்க. லீவுல ஒரு நாள் மட்டும் அதையே வருஷம் முழுக்கவும் வச்சி, அட்டெண்டன்ஸ் புக்க திறந்து ஒவ்வொரு பேரா செய்ங்க. ஒரு பேர வாசிங்க, அந்த பிள்ளையோட மூஞ்சிய மனசுல கொண்டு வாங்க, அது எங்க உக்காரும், என்ன கேள்வி கேக்கும், எப்படி சிலுவை அடையாளம் போடும். நன்றி சொல்லுங்க. அந்த பிள்ளை வழியா கடவுள் உங்களுக்கு என்ன கொடுத்தாருன்னு கேளுங்க, சில நேரம் பதில் வந்ததும் அழுகை வரும், வரட்டும். நீங்க அதட்டின பிள்ளை, தமிழ் சரியா வராம இங்கிலீஷ் கிளாசுக்கு மாத்திக்கிட்டு போன பிள்ளை, அப்பா குடிச்சிட்டு வந்து கேட்ல நிப்பாருன்னு பயந்துக்கிட்டே இருந்த பிள்ளை, மே மாசத்தோட வர்றதையே நிறுத்தின பிள்ளை. நிறுத்தின பிள்ளைக்கு கொஞ்சம் அதிக நேரம் கொடுங்க. எஸ்டேட்ட வித்துட்டாங்க, வீடு மாறி போயிட்டாங்க, கொண்டு வந்து விட மோட்டார் இல்ல, இப்படி பல காரணம் இருக்கும், இதுக்கெல்லாம் உங்க மேல பழி போட்டுக்காதீங்க, பேர சொல்லி ஆண்டவர்கிட்ட கொடுங்க. முப்பது பேரு இருந்தா ஒரே நாள்ல முடிக்காதீங்க, நாளுக்கு அஞ்சு பேரு போதும். வேற எதுவும் செய்ய நேரமே கிடைக்காதவங்க இத மட்டுமாவது செய்ங்க.

பாவசங்கீர்த்தனத்துக்கு போங்க. திருவருகைக் காலத்துல பக்கத்து பங்கு ஃபாதருங்க சேர்ந்து வந்து பாவசங்கீர்த்தனம் கேக்கிற நாள் வழக்கமா வைப்பாங்க, பங்கு அறிவிப்புல பாருங்க. நம்ம பங்கு ஃபாதர்கிட்ட சொல்ல கூச்சமா இருந்தா பக்கத்து ஊருக்கு போறதுல தப்பு ஒன்னும் இல்ல, ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர்தான்.

அடுத்து, ஒரு முழு நாள் வெளிய போங்க. தியானம்னாலே காசு செலவு பண்ணி நாலு நாள் தங்கணும்னு நினைக்க வேணாம். நம்ம பேராக் பினாங்கு மறைமாவட்டத்துல இருக்கு, அதே மறைமாவட்டத்துல புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோவில் இருக்கு, 2019ல அது பசிலிக்காவா (போப் சிறப்பு அந்தஸ்து கொடுத்த கோவிலா) உயர்த்தப்பட்டது. ஜூலை 26 திருநாளுக்கு கூட்டத்தோட கூட்டமா போயிருப்பீங்க, அப்ப பாத்த கோவில மறந்துடுங்க, வார நாள்ல போனா அதே இடம் வேற மாதிரி இருக்கும். 1888ல கட்டின பழைய கோவில் இன்னும் இருக்கு, அதுல உக்காருங்க. ஹைவேல ஒன்றரை ரெண்டு மணி நேரம், கார் ஷேர் பண்ணிக்கிட்டா எண்ணெய் காசும் டோலும் பெருசா வராது, இரயில்னாலும் சுங்கை சிப்புட்லயும் புக்கிட் மெர்தாஜாம்லயும் ஸ்டேஷன் இருக்கு. அவ்வளவு தூரம் முடியாதவங்களுக்கு ஈப்போ சிலிபின்ல லூர்து மாதா கோவில் இருக்கு, தமிழ் ஜனங்களோட கோவில். போற வழில கார்ல சத்தமா பேசிக்கிட்டு போங்க, இறங்கினதும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேசக்கூடாதுன்னு முன்னாடியே ஒத்துக்கோங்க. காலைல ஒரு வேத பகுதி, நடுவுல நடை, மத்தியானம் சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் கண்ண மூடினாலும் பரவால்ல, அப்புறம் ஜெபமாலை, கடைசில மனசுல பட்டத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலாம். பைபிள், ஜெபமாலை, குடை, தண்ணி, ஒரு சின்ன நோட்டு. செல்ஃபி கடைசி பத்து நிமிஷத்துக்கு வச்சுக்கோங்க. தங்கி செய்ற தியானம்தான் வேணும்னா ஃபாதர்கிட்ட கேளுங்க, ஜொகூர் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு பிளெந்தோங்ல மஜோடி சென்டர் இருக்கு.

மூணு நாலு டீச்சருங்க சேர்ந்து வாரத்துல ஒரு சாயங்காலம் யாராவது வீட்ல கூடுறதும் நல்லது, கோப்பியும் பிஸ்கட்டும் போதும். ஒரே ஒரு கண்டிஷன், அடுத்த வருஷ டைம்டேபிள், எந்த பேரண்ட் என்ன சொன்னாங்க, எந்த டீச்சர் லேட்டா வந்தாங்க, இந்த பேச்சு வரக்கூடாது, வந்தா வீட்டுக்காரங்க நிறுத்தணும்.

இப்ப கஷ்டமான விஷயத்த சொல்லிடுறேன். இதெல்லாம் செஞ்சும் ஒன்னுமே தோணாத நாள் வரும். பைபிள் வெறும் எழுத்தா தெரியும், ஜெபமாலை சொல்லும்போது தூக்கம் வரும், அதுக்கு மேல வருஷம் முழுக்க யாரும் ஒரு நன்றி சொல்லலயேங்கிற வருத்தம் அமைதில மேல வந்து உக்காரும். அந்த வருத்தத்த மறைக்காம ஆண்டவர்கிட்ட அப்படியே சொல்லுங்க, திருப்பாடல்கள்ல நிறைய பாட்டு அப்படித்தான் முறையிடுது. இஞ்ஞாசியார் தன்னோட ஆன்மீகப் பயிற்சிகள்ல இந்த மாதிரி வறண்ட நேரத்துக்குன்னே ஒரு விதி எழுதி வச்சிருக்காரு, மனசு தெளிவா இருந்தப்ப எடுத்த முடிவ சோர்வா இருக்கும்போது மாத்தாதேன்னு. 'அடுத்த வருஷம் நான் டீச்சரா வரமாட்டேன்'னு டிசம்பர் முதல் வாரத்துல முடிவு எடுக்கிறவங்க நம்ம ஊர்லயே நிறைய பேர். நிஜமாவே நிறுத்த வேண்டிய காரணம் இருக்கலாம், குழந்தை பொறக்கப் போகுது, வேலை மாறுது, உடம்பு முடியல, அது வேற. ஆனா தூங்கி, சாப்பிட்டு, ஜெபிச்சி, மனசு லேசான ஒரு நாள்ல அந்த முடிவ எடுங்க, அதுக்கு முன்னால ஃபாதருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க.

வாசிக்க ஆசைப்படுறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, மறைக்கல்வி நூலோட நாலாவது பகுதி முழுக்க ஜெபத்த பத்தினது, 2558ல ஆரம்பிக்குது, நாளுக்கு நாலு அஞ்சு பத்தி போதும். 2020ல வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி, டீச்சருக்கு என்ன தெரியும்ங்கிறதுக்கு முன்னால டீச்சர் எப்படிப்பட்ட ஆளா இருக்காங்கங்கிறத வைக்குது. அடுத்த வருஷமே, 2021 மே 10ல, போப் ஃபிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணிய பொதுநிலையினருக்கான ஒரு திருப்பணியாவே ஏற்படுத்தினாரு. நம்ம தமிழுக்கு இது புதுசு இல்ல, வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுலயே உபதேசியாருங்களுக்காக (அந்த காலத்து கேட்டிகிசம் டீச்சருங்க) வேதியர் ஒழுக்கம்னு ஒரு உரைநடை நூல் எழுதினாரு. நம்ம தாத்தா பாட்டி காலத்து தோட்டங்கள்லயும் ஃபாதர் எப்பவாவதுதான் வருவாரு, அந்த நேரத்துல ஜெபம் சொல்லி சனங்கள சேர்த்து வச்சது உபதேசியாருங்கதான். நீங்க அந்த வரிசைல நிக்கிறீங்க.

ஜனவரில கிளாஸ் திறக்கிறதுக்கு முந்தின வாரம்தான் பாடப் புக்க திரும்ப எடுக்கணும், அதுக்கு முன்னால வேணாம். லீவுல செஞ்ச எல்லாத்தையும் வருஷம் முழுக்க தொடர முடியாது, ஒன்ன மட்டும் எடுத்துக்கோங்க, என்னைக் கேட்டா காலைல அந்த வேத வாசிப்ப சொல்வேன், ஷிஃப்ட் வேலைக்காரங்க அத பஸ் வர்றதுக்கு முன்னால பத்து நிமிஷமா சுருக்கிக்கலாம். ஜனவரி 14 புனித தேவசகாயம் திருநாள், பெரும்பாலும் பொங்கலோடயே வரும், அன்னைக்கு அவர் கதைய உங்களுக்காக ஒரு தடவ வாசிங்க. திருவிதாங்கூர் அரண்மனைல வேலை பாத்த குடும்பஸ்தர், வீட்ல இழப்பு மேல இழப்பு வந்து உடைஞ்சி போயிருந்தப்ப டி லனாய்ங்கிற டச்சுக்கார தளபதி அவர் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் இழந்தும் கடவுள விடாத யோபுவோட பைபிள் கதைய சொன்னாரு. 1745ல திருமுழுக்கு, 1752ல மறைசாட்சி மரணம், 2022 மே 15ல புனிதர் பட்டம். டி லனாய்கிட்ட பாடத்திட்டமும் இல்ல, வகுப்பறையும் இல்ல, தனக்குள்ள இறங்கியிருந்த ஒரு வேத பகுதிய கஷ்டத்துல இருந்த நண்பனுக்கு சொன்னாரு. முதல் கிளாசுக்கு நீங்களும் அப்படியே போங்க, லீவுல உங்க மனசு எந்த வசனத்துல நின்னுச்சோ அத பிள்ளைங்களுக்கு வாசிச்சி, ஏன் நின்னுச்சுன்னு ரெண்டு நிமிஷம் சொல்லுங்க, அப்புறம் அட்டெண்டன்ஸ் எடுங்க, பாடம் ஒன்னு அடுத்த வாரம் ஆரம்பிச்சா போதும்.